வட ஆற்காட்டுக் கிராமங்களின் கல்லும் கூத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்க்காரர்களும், பிழைப்புக்காக வெளியூர் போய்விட்ட பிள்ளைகளும், கூத்துப் பார்க்க வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோட்டை, நவாபு, சண்டை பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். ஆகவே கழனி வரப்பில் நிற்கும் கற்களுக்கும், ஏரிக்கரைகளுக்கும், பாரதக் களத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வட ஆற்காடு என்று இப்போது மாவட்டமே இல்லையே, எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலேயர் காலத்து வட ஆற்காடு மிகப் பெரியது. சித்தூர்தான் அதன் தலைநகரம். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானதும் வேலூர் தலைநகரமானது. 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். எஞ்சிய வேலூர் மாவட்டத்திலிருந்து 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. இங்கே நான் சொல்வது இந்த நான்கு மாவட்டங்களையும் சேர்த்துத்தான். செய்யாற்றுக் கூத்துக் குழு வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஆடுகிறது. ஆரணியில் பெண் கொடுத்தவர்கள் குடியாத்தம் திருவிழாவுக்குப் போகிறார்கள். மக்களின் போக்குவரத்து இன்னும் பழைய மாவட்டத்தின் அளவில்தான் இருக்கிறது.

எங்கள் கழனி ஓரத்தில், வில்லும் கத்தியும் பிடித்த ஆள் உருவம் செதுக்கிய பலகைக்கல் ஒன்று நிற்கிறது. அது என்ன?

பெரும்பாலும் நடுகல். ஊருக்காகவோ ஊர் மாடுகளுக்காகவோ சண்டையிட்டு இறந்தவனுக்கு நட்ட கல். தொல்காப்பியம் இதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு நிலைகள் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்திப் பாடுவது வரை எல்லாவற்றுக்கும் முறை இருந்தது.

தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் செறிந்து கிடக்கும் பகுதிகளில் ஒன்று நம்முடைய செங்கம் வட்டாரம். பல்லவர் காலத்தில் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கற்கள் அங்கே ஏராளம். மாநிலத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. ஆம்பூரிலும் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துக் கற்கள் உண்டு. திருப்பத்தூர், செங்கம் பக்கங்களில் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படும் சாமிகள் பலவும் நடுகற்களே.

ஒரு கல்லையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும் என்றால் நான் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லைச் சொல்வேன். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த கல் அது. வாணர் குலத் தலைவனைச் சேர்ந்த இளம் வீரன் கருந்தேவக்கத்தி, எருமைகளுக்காக நடந்த சண்டையில் உயிர்விட்டான். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கென்றே தனியாக ஒரு வரி வெட்டியிருக்கிறார்கள்: 'கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு.'

எசமானன் விழுந்த பிறகும் திருடர்கள் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது நாய். அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியிருக்கிறது. பேரரசனின் ஆட்சியாண்டும் ஒரு கிராமத்து நாயின் பெயரும் ஒரே கல்லில் இருக்கின்றன. பல்லவர் வரலாற்றைப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கல்லை முதலில் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கல்லைக் கழுவி, வர்ணம் பூசி, சிமெண்ட் மேடை கட்டலாமா?

அன்போடு செய்கிற இந்த வேலைதான் கல்லுக்குப் பெரிய கேடு. எனாமல் வர்ணம் எழுத்தின் பள்ளத்தை நிரப்பிவிடும். உப்புத்தாளும் கம்பித் தூரிகையும் மேல்தோலையே உரித்துவிடும். சிமெண்ட் மேடை எழுப்பினால் பல கற்களில் அடிப்பகுதி எழுத்துகள் நிரந்தரமாகப் புதைந்து போகும். ஆண்டும் பெயரும் அந்த வரியில்தான் இருந்திருக்கும்.

தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். விளக்கு ஏற்றுவதானால் கல்லின் மேல் எண்ணெய் வழியாதபடி சற்றுத் தள்ளி ஏற்றலாம். படையல் போடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. வழிபாடு இருந்ததால்தான் இத்தனை நூற்றாண்டுகள் கல் நிலைத்தது. எழுத்தைப் படம் பிடிக்க வேண்டுமானால் காலை இளவெயிலில் அல்லது சாயங்காலம் போங்கள். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் எழுத்து தானாக எழும்பித் தெரியும். சுண்ணாம்புக்கட்டியால் எழுத்தின் மேல் கோடு போடாதீர்கள். நீங்கள் ஊகித்த வடிவம்தான் படத்தில் விழும், கல்வெட்டு அறிந்தவருக்கு அது பயன்படாது. எழுத்தைத் தாளில் மையால் படியெடுக்கும் மைப்படி வேலையைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: கல்லை இடம் மாற்றாதீர்கள். அது நிற்கிற இடமே பாதிச் செய்தி. பழைய வழி, மேய்ச்சல் நிலம், ஊர் எல்லை எங்கே இருந்தன என்பதை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். சாலை வேலைக்காகவோ வீட்டுமனைக்காகவோ அகற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுத்தில் மனு கொடுங்கள், தொல்லியல் துறைக்கும் நகல் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது.

கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறதாமே?

இல்லை. இந்த நம்பிக்கையால் கற்கள் உடைபட்டதுதான் மிச்சம். வேறு எங்காவது தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் மலைக்குகையில் பஞ்சபாண்டவர் படுத்த கல் படுக்கை இருக்கிறது என்கிறார்கள். பாண்டவர்கள் உண்மையில் வந்தார்களா?

அந்தப் படுக்கைகளில் பெரும்பாலானவை சமண முனிவர்களுக்கு வெட்டியவை. ஆற்காட்டுக்குத் தெற்கே விளாப்பாக்கத்தை ஒட்டிய பஞ்சபாண்டவமலையே நல்ல எடுத்துக்காட்டு. பெயர் பாண்டவர் பெயர். ஆனால் அங்கிருக்கும் கல்வெட்டு, நந்திவர்மனின் 50ஆவது ஆண்டில் நாகநந்தி என்ற குருவுடன் பொன்னியக்கியார் உருவத்தைச் செய்வித்த செய்தியைச் சொல்கிறது. இயக்கி சமணர் வழிபடும் பெண் தெய்வம். காட்பாடிக்கு அப்பால் உள்ள வள்ளிமலையிலும் இதே நிலைதான். மலைமேல் கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. அதே மலையில் முருகன் வள்ளியைக் கண்டான் என்று மக்கள் தினைப்புனத்தையே காட்டுகிறார்கள்.

ஆனால் பாண்டவர் கதையைப் பொய் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோடைதோறும் ஊர் முழுக்கப் பாரதம் கேட்கிற மக்கள், ஆளரவம் இல்லாத குகையில் ஐந்தாறு படுக்கைகளைப் பார்த்தால் வனவாசத்தைத்தான் நினைப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் மலையில் நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அதன் பிறகு கீழே இருந்த ஊர்கள் அந்த மலையை எப்படிப் பார்த்தன என்பதைக் கதை சொல்கிறது. குறிப்பு எடுப்பவர் இரண்டையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும்.

சமணர்கள் எல்லோரும் மறைந்துவிட்டார்களா?

ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கங்களில் இன்றும் வாழ்கிறார்கள். தமிழே தாய்மொழி, உழவு செய்யும் குடும்பங்கள் பல. போளூரை அடுத்த திருமலைக்குப் போய்ப் பாருங்கள். மலையில் செதுக்கிய நேமிநாதர் பதினாறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறார். அங்குள்ள குந்தவை ஜினாலயம் ராசராச சோழனின் அக்கா குந்தவையின் பெயர் தாங்கியது. ராசேந்திரன் கங்கை வரை வென்ற நாடுகளின் பட்டியலைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் அதே சிற்றூரில்தான் இருக்கிறது.

பாரதக் கூத்து என்றால் என்ன? சாதாரண நாடகம்தானே?

நாடகம் மேடையில் முடிந்துவிடும். பாரதம் ஊர் முழுவதையும் தன் களமாக எடுத்துக்கொள்ளும். திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் பிற்பகலில் பாரதப் பிரசங்கம் தொடங்கும். வில்லிபாரதப் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார் பிரசங்கியார். சில நாள் கழித்து இரவில் கூத்து ஆரம்பிக்கும். பகலில் காதால் கேட்ட பகுதியை இரவில் கண்ணால் பார்க்கலாம். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, குறவஞ்சி, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று விடிய விடிய நடக்கும்.

இதில் சில கட்டங்கள் களத்தை விட்டு வெளியே வந்துவிடும். பகாசுரன் வதத்தன்று பீமன் வேடக்காரர் சோற்று வண்டியோடு தெருத்தெருவாக வருவார். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான பனந்தண்டை நட்டுப் படி அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் பாட்டுப் பாடி ஏறுவார். உச்சிக்குப் போனதும் வில்வமும் எலுமிச்சம்பழமும் மேலிருந்து விழும். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். எலுமிச்சம்பழம் முந்தானையில் விழுந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை வெறும் வேடிக்கை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆட்டக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டுவதற்கு முன்பே அரிதாரம் தொடங்கிவிடும். தன் முகத்துக்குத் தானே கண்ணாடி பார்த்து எழுதிக்கொள்வார்கள். பிறகு கட்டை கட்டுவது: கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. அத்தனையும் கட்டிக்கொண்டு விடியும் வரை கிறுகிறு என்று சுழன்று ஆட வேண்டும். கட்டியங்காரன் கதையை நகர்த்துவார், சிரிக்கவும் வைப்பார். இரண்டு பேர் திரை பிடிக்க, உள்ளேயிருந்து விருத்தமும் சலங்கையும் மட்டும் கேட்கும். யார் வருகிறார் என்று களமே நிமிர்ந்து உட்காரும் நேரம் அது. மத்தளம், தாளம், ஹார்மோனியம் எல்லாக் குழுவிலும் உண்டு. முகவீணைதான் அருகிக்கொண்டே வருகிறது. அந்தக் கூர்மையான ஒலி இல்லாத கூத்தில் ஏதோ ஒன்று குறைகிறது.

செய்யாற்றை அடுத்த புரிசை இந்தக் கலைக்குப் பெயர்போன ஊர். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் சென்னையின் நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறையோடு சேர்ந்து பணியாற்றி நவீன நாடகக்காரர்களுக்கும் கூத்தைக் கற்பித்தார்.

ஒரே ஒரு நாள்தான் வர முடியும். எதைப் பார்க்கலாம்?

பதினெட்டாம் போர் இரவில் வந்து மறுநாள் சாயங்காலம் வரை இருங்கள். விடிந்ததும் படுகளம். தரையில் மண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள், மீசை முறுக்கி, கண் விழித்தபடி. பீமன் தொடையில் அடிப்பான். சிவப்பு நீர் தெறிக்கும். துகிலுரிந்த நாளில் அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி அப்போதுதான் முடிவாள். அதோடு கதை முடிந்துவிடுவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரி வரும். பகைவன் வீட்டுப் பெண்ணின் அழுகைக்கும் இந்த மக்கள் இடம் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் தீமிதி.

இந்தக் காலத்தில் விடிய விடிய யார் உட்காருவார்கள்? இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால் பிழைக்குமே?

நகரத்து அரங்கத்துக்குச் சுருக்கி ஆடுவதில் தவறில்லை. குழுக்களுக்கு அதில் வருமானமும் அறிமுகமும் கிடைக்கின்றன. ஊர்ப் பாரதத்தைச் சுருக்குவதுதான் கூடாது. கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் நள்ளிரவைத் தாண்டி மெல்ல மெல்ல நீளும். அந்த நீளத்தில்தான் பார்க்கிறவர்களின் மனம் இளகுகிறது. சாவு வீட்டில், கருமாதி இரவில் கர்ண மோட்சம் வைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு முழு இரவு தேவைப்படுகிறது.

கூத்து பிழைக்க வேண்டுமானால் செய்ய வேண்டியவை வேறு. பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுங்கள். ஒலிபெருக்கியில் நடுவில் சினிமாப் பாட்டுப் போடாதீர்கள். வேடம் கட்டுவதற்குக் காற்றோட்டமான இடமும், ஆடி முடித்தவர்களுக்குச் சுடச்சுட நல்ல சாப்பாடும் கொடுங்கள்.

குடியாத்தம் சிரசுத் திருவிழாவின் கதை என்ன?

ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகாதேவியின் கதை. தந்தை சொல்லுக்காகப் பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். அவளைக் காக்க வந்த, தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணின் தலையும் விழுந்தது. உயிர்ப்பிக்கும் வரம் கிடைத்த அவசரத்தில் தலையும் உடலும் மாறிப் பொருந்தின. ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் அம்மன் சிரசு குடியாத்தம் தெருக்கள் வழியே ஊர்வலமாக வந்து, கௌண்டன்ய ஆற்றை ஒட்டிய கெங்கையம்மன் கோயிலில் உடலோடு பொருத்தப்படும். வழியெங்கும் தேங்காய் உடைபடும். போளூர்ப் பக்கம் படவேட்டு ரேணுகாம்பாளுக்கும் இதே கதைதான், அங்கே ஆடி மாதம் விசேஷம். ஒரு குலத்தின் தலையும் இன்னொரு குலத்தின் உடலும் சேர்ந்த உருவத்தை ஊரே கும்பிடுகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

கோயில் கல்வெட்டுகளில் ராசாக்களின் தானம்தானே இருக்கும்? சாதாரணமானவர்கள் வாழ்க்கை எங்கே?

நிறையவே இருக்கிறது. வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தை மதிலழகுக்காகப் புகழ்வார்கள். அந்தக் கோயிலில் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. படைவீட்டு ராச்சியத்துப் பிராமணர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர், லாடர் (குசராத்துப் பக்கத்தவர்) எல்லோரும் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: இனிக் கலியாணத்தில் பெண்ணுக்குப் பொன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும், மீறினால் அரச தண்டனை, குலத்திலிருந்தும் விலக்கு. அன்று இந்தப் பகுதியில் எத்தனை மொழிக்காரர்கள் கலந்து வாழ்ந்தார்கள் என்பதும் இதிலேயே தெரிகிறது.

செய்யாறு பக்கத்து உக்கலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டு கிணறு, தொட்டி, தண்ணீர்ப் பந்தல் பற்றிப் பேசுகிறது. தண்ணீர் இறைப்பவருக்கும் வழிப்போக்கர்களுக்கு வார்ப்பவருக்கும் நெல் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் ஏரிக்கும் வரலாறு இருக்குமா?

கட்டாயம் இருக்கும். பாலாறு மழைக்கால ஆறு. வெள்ளம் வரும் சில நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு என்பதால் இங்கே நாகரிகமே ஏரிகளை நம்பித்தான் வளர்ந்தது. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்த விஷ்ணு கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் எடுக்கப்பட்டது என்றே சொல்கிறது. அந்த ஏரி இன்றும் இருக்கிறது. தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்றான காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் காலத்தது. மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயரால் அந்த ஊருக்கு அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர்.

உங்கள் ஊரில் மதகுத் தூண், மிகுநீர் வழிந்தோடும் கலங்கலின் சுவர் இரண்டையும் பாருங்கள். எழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தூர்வாரும்போது இயந்திரத்துக்கு முன்னால் ஊர்ப்பெரியவர் ஒருவர் நிற்பது நல்லது.

ஜவ்வாது மலையில் பார்க்க என்ன இருக்கிறது?

மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள், சாமை விளையும் சரிவுகள், பலகைக் கற்களால் எழுப்பிய பெருங்கற்காலக் கல்திட்டைகள். புதிய கற்காலத்துக் கைக்கோடரிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடும் வழக்கமும் உண்டு. அவற்றை விலை பேசவோ எடுத்துவரவோ யாரும் முனையக் கூடாது. மலைக்குக் கீழே திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில் புதிய கற்கால மக்களின் வாழ்விடமும், கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இன்றைக்கும் மானாவாரியில் நாம் போடுகிற பயிர்கள்தான் அவை.

பெரியவர்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

'நம்ம ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கழனிகளின் பெயரைக் கேளுங்கள். ஒவ்வொரு கழனிக்கும் மடுவுக்கும் பாறைக்கும் பெயர் இருக்கும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் கதை தானாக வரும். பாலாற்றில் ஊற்றுக்கால் ஓடிய காலம், கிணற்றில் கவலை ஏற்றம் இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகள், யார் வீட்டில் பாரதத்துக்குச் சோறு போட்டார்கள் என்று போகும் பேச்சு. நாற்று நட்ட பெண்களிடம் தனியாகப் பேச வேண்டும். ஆண்கள் கூட இருந்தால் அவர்கள் பாட மாட்டார்கள்.

பேச்சைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். ஒரே சம்பவத்தைக் காலனியில் ஒருவிதமாகவும் ஊர்த்தெருவில் வேறுவிதமாகவும் சொல்வார்கள். இரண்டையும் பதிவு செய்ய வேண்டும், ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அழிக்கக் கூடாது. சொன்னவர் அனுமதி இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிவைச் செல்போனில் மட்டும் வைத்திருக்காமல், இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

எப்போது வந்தால் நல்லது?

பாரதத்துக்குப் பங்குனி முதல் ஆடி வரை. மாடு விடும் விழாவுக்குப் பொங்கலை ஒட்டிய வாரங்கள். இங்கே மாட்டை யாரும் தழுவுவதில்லை, குறித்த தூரத்தை எந்தக் காளை விரைவாகக் கடக்கிறது என்பதுதான் போட்டி. விரிஞ்சிபுரத்துக்குக் கார்த்திகைக் கடை ஞாயிறு. குகைகளுக்கும் நடுகற்களுக்கும் மார்கழி, தை மாதங்களே சரி. சித்திரை வெயிலில் எங்கள் பாறைகளின் மேல் கால் வைக்க முடியாது. கிராமத்துக்குள் நுழைந்ததும் டீக்கடையில் நின்று எதற்கு வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். வழி காட்ட யாராவது ஒருவர் நிச்சயம் கூட வருவார்.